பலியும் கழுவாயும்: இரட்சணிய யாத்திரிகம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

சமயங்களை ஒப்புநோக்குவோர்க்கு முதலில் எதிர்ப்படும் இடர்ப்பாடு சொற்களால் விளைவது. ஒரே சொல்லை இரு சமயத்தாரும் வழங்குவர். இருவர் கருதும் பொருளும் ஒன்றே என்று இருவரும் எண்ணிக்கொள்வர். பின்னர் வாதம் மூளும். கிறித்தவ சமயத்தின் நடுநாயகமாக விளங்கும் கொள்கைக்கு நேர்ந்த நிலை இத்தகையதே. இயேசு சிலுவையில் இறந்தமை மாந்தரின் பாவத்துக்குப் பலியாயிற்று, கழுவாயாயிற்று என்பது அக்கொள்கை.

பாலையூற்றில் லூர்து அன்னை ஆலயத்து மணியும் சைவக் கோயில் மணியும் ஒரே வளவில் நின்று கேட்கத்தக்கவை. சைவப் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் அயலவராய் வளர்கின்றனர். பெரிய வெள்ளிக்கிழமை வரும்போது எம் மாணவர் கேட்கும் வினா ஒன்று உண்டு: “ஒருவன் செய்த பாவத்துக்கு மற்றொருவன் சாவது எங்ஙனம் நீதியாகும்?” கிறித்தவ நண்பர் எம்மை நோக்கிக் கேட்பதும் ஒன்று உண்டு: “செய்த வினையை அவனவனே அனுபவித்துத் தீர்க்கவேண்டுமாயின், உங்கள் சமயத்தில் அருளுக்கு இடம் எங்கே?” இவ்விரு வினாக்களும் பெரும்பாலும் மற்றவர் நூலைப் படியாமலே கேட்கப்படுவன. ஆதலின் வாதநூல்களை விடுத்து, இக்கொள்கையைத் தமிழ்க் காப்பியமாகப் பாடிய ஒரு நூலின்வழி அதனை நோக்குதல் பயன்தரும். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகமே அந்நூல். அதனுட் புகுமுன் சொற்களின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

பலி என்பது தமிழர்க்குப் புதிய சொல்லன்று. தெய்வத்துக்கு இடும் உணவும் பலி, பிச்சையும் பலி, உயிர்க்கொலையும் பலி. யாழ்ப்பாணத்துக் கிராம வழக்கில் ‘வேள்வி’ என்ற உயர்ந்த சொல்லே ஆடு கோழி வெட்டுதலைக் குறிக்கும் அளவுக்கு இழிந்தது. ஆறுமுக நாவலர் அதனைக் கடுமையாகக் கண்டித்தமை யாவரும் அறிந்ததே. இவ்வழக்கில் ஊறியவர் காதில் ‘இயேசு பலியானார்’ என்ற தொடர் விழும்போது, சினங்கொண்ட தெய்வம் ஒன்று குருதி கேட்டது, ஒருவர் கொடுத்தார் என்ற பொருளே முதலில் தோன்றும். பலியில் மனிதன் கொடுப்பவன், தெய்வம் பெறுவது என்பது எம் பழக்கம். கிறித்தவ நூல்கள் இவ்விடத்தில் திசையை மாற்றுகின்றன. அவற்றின்படி கொடுப்பவர் கடவுள், பெறுபவன் மனிதன்.

விவிலியத்தைத் தமிழாக்கியோர் இத்திசைமாற்றத்தை உணர்த்தப் பெரிதும் இடர்ப்பட்டனர். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தொடக்கம் பலர் சொல் தேடினர். புரட்டஸ்தாந்தரின் பழைய மொழிபெயர்ப்பில் ‘கிருபாதாரபலி’ என்ற நீண்ட தொகைச்சொல் காணப்படுகிறது. அதன் கிரேக்க மூலச்சொல் உடன்படிக்கைப் பேழையின் மூடியையும் குறிப்பது. அம்மூடியைத் தமிழ் விவிலியம் ‘கிருபாசனம்’ என்னும். எனவே அருள் வெளிப்படும் இடம் என்ற கருத்தும் பலி என்ற கருத்தும் ஒருங்கே அமையவேண்டி இச்சொல் ஆக்கப்பட்டது எனலாம். 1995-இல் வெளிவந்த திருவிவிலியமோ ‘கழுவாய்’ என்ற பழந்தமிழ்ச் சொல்லை மேற்கொண்டது. ஆங்கிலத்தில் இப்பொருளுக்கு வழங்கும் சொல்லை 16-ஆம் நூற்றாண்டில் வில்லியம் திண்டேல் தம் மொழிபெயர்ப்பினாற் பரவச் செய்தார். பிரிந்தவர் ஒன்றாதல் என்பதே அதன் சொற்பொருள். தமிழ்ச் சொற்களுள் ஒன்றேனும் அப்பொருளை நேரே தருவதில்லை. கழுவாய் என்பது கறையை நினைப்பிக்கிறது. பலி என்பது குருதியை நினைப்பிக்கிறது. உறவு மீளுதல் என்ற கருத்து இரண்டிலும் மறைந்துபோகிறது.

கழுவாய் என்ற சொல்லுக்குப் புறநானூற்றிலேயே இடம் உண்டு. 34-ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார், ஆவின் முலையறுத்தல் முதலிய கொடுஞ்செயல்களுக்கும் கழுவாய் உண்டென்றும், செய்ந்நன்றி கொன்றார்க்கு உய்தி இல்லை என்றும் அறநூல் மேற்கோளாகக் கூறுகிறார். திருவள்ளுவரும் இக்கருத்தினரே. பழந்தமிழ் அறம் கழுவாய்க்கு வரைந்த எல்லை இது. கிறித்தவமோ இவ்வெல்லைக்கு அப்பாலும் கழுவாய் உண்டு என்று துணிந்து கூறுகின்றது. படைத்தவனை மறந்த நன்றிகேடே எல்லாப் பாவங்களுக்கும் வேர் என்பது அச்சமயத்தார் கொள்கையாதலின், செய்ந்நன்றி கொன்றவனுக்கு உய்தி உண்டா என்பதே அவர்கள் எழுப்பும் வினா. கிறித்தவக் கழுவாய்க் கொள்கையின் ஆழத்தை அளக்க விரும்பும் தமிழ் மாணவன் இப்புறப்பாட்டிலிருந்தே தொடங்கலாம்.

இனி, இக்கொள்கை பிறந்த எபிரேய மரபைச் சிறிது நோக்குவோம். லேவியராகமம் 16-ஆம் அதிகாரம் ஆண்டுக்கொரு முறை நிகழ்ந்த பாவநிவிர்த்தி நாளை விரித்துரைக்கிறது. அன்று இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் கொண்டுவரப்படும். சீட்டுவிழுந்தபடி ஒன்று பலியிடப்படும். அதன் குருதியால் ஆலயம் தூய்மையாக்கப்படும். மற்றொன்றின் தலைமேல் குரு கைகளை வைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு, அதனை உயிரோடு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடச் செய்வார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதனைப் ‘போக்காடு’ என்னும். பாவத்தைச் சுமந்த ஆடு வெட்டப்படவில்லை. வெட்டப்பட்ட ஆடு பாவத்தைச் சுமக்கவில்லை என்பது ஈண்டுக் கவனிக்கற்பாலது. பிற்காலக் கிறித்தவர் இயேசுவில் இவ்விரு ஆடுகளையும் ஒன்றாகவே கண்டனர். எபிரேயத் தீர்க்கதரிசிகளோ முன்னரே பலியின் போதாமையை எடுத்துரைத்தவர்கள். பலியினும் இரக்கமே இறைவன் விரும்புவது என்பது ஓசேயா நூலின் உபதேசம். ஆயிரம் வேள்வியினும் ஓர் உயிரைக் கொன்று உண்ணாமை நன்று என்ற வள்ளுவர் வாய்மொழியோடு இது வைத்தெண்ணத்தக்கது. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் உரோமரால் அழிக்கப்பட்டபின் ஆட்டுப்பலி முறையே நின்றுபோயிற்று.

இயேசுவின் இறப்பு எவ்வாறு கழுவாயாகும் என்பதைத் திருச்சபையும் ஒரே வகையாக விளக்கியதில்லை. 325-இல் நைசியாவிற் கூடிய சங்கம் ‘எமக்காக, எம் மீட்புக்காக’ என்றதேயன்றி மீட்பின் முறையை வரையறுக்கவில்லை. 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அன்செல்ம் என்னும் பேரறிஞர், இறைவனுக்குச் செலுத்தவேண்டிய மதிப்பை மனிதன் செலுத்தாது கடன்பட்டான், அக்கடனைத் தீர்க்கவல்லவர் கடவுளும் மனிதருமான ஒருவரே என்று நிறுவினார். அவர் வாழ்ந்த நிலமானிய சமூகத்தின் ஆண்டான் அடிமை முறை இவ்விளக்கத்தில் எதிரொலிக்கிறது. அடுத்த நூற்றாண்டில் அபெலார், சிலுவை இறைவனின் அன்பைக் காட்டி மனிதன் நெஞ்சை உருக்குவது, அவ்வுருக்கமே மீட்பு என்றார். 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத் தலைவருள் கல்வின் போன்றார், குற்றவாளிக்குரிய தண்டனையைக் குற்றமற்றவர் ஏற்றார் என்ற நீதிமன்ற விளக்கத்தை முதன்மையாக்கினர். சுவீடன் நாட்டு ஔலேன் 1930-ஆம் ஆண்டளவில், தீமையின் ஆற்றல்களை இயேசு வென்றார் என்பதே ஆதித் திருச்சபையின் கருத்து என வாதித்தார். கடன், அன்பு, தண்டனை, வெற்றி என்னும் இந்நான்கும் இன்றுவரை அச்சமயத்தில் அருகருகே நிற்பன. எம்மவர் மறுப்பது பெரும்பாலும் மூன்றாவதனையே. அது மட்டுமே கிறித்தவம் என்று கருதுதல் பொருந்தாது.

ஈழத்தில் இவ்வாராய்ச்சிக்குத் தனிப்பட்ட ஒரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியிற் பங்குகொண்டவர் ஆறுமுக நாவலர். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் சென்னையில் அச்சேறியது. நான்காண்டு கழித்து, 1854-இல், அவர் சைவதூஷணபரிகாரத்தை வெளியிட்டார். சைவக் கிரியைகளை இகழ்ந்தோர்க்கு, விளக்கும் தூபமும் படையலும் பலியும் எருசலேம் ஆலயத்திலும் இருந்தனவே என்று அவர்தம் வேதத்திலிருந்தே எடுத்துக்காட்டினார். பிறர் நூலை வரிவரியாகக் கற்றபின் மறுத்த நேர்மை இது. அவை யாவும் இயேசுவின் ஒரே பலியில் நிறைவெய்தி முடிந்தன என்பது கிறித்தவர் தரும் விடை. எபிரேயருக்கு எழுதிய நிருபம் அவ்விடைக்கு ஆதாரம். ஆகவே, வாதம் எங்கே சுற்றினும் வந்து நிற்கும் இடம் அந்தப் பலியே.

இனிக் காப்பியத்துக்கு வருவோம். கிருஷ்ண பிள்ளை 1827-இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தவர். கம்பராமாயணத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராய் இருந்தவர். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். 1894-இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், ஜோன் பனியன் 1678-இல் ஆங்கிலத்தில் எழுதிய உருவகக் கதையைத் தழுவியது. மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட விருத்தங்களால் ஆயது. பனியன் கதையிற் பயணி முதுகிற் சுமையோடு புறப்படுகிறான். சிலுவையைக் கண்டதும் சுமை தானே கழன்று உருண்டு கல்லறையுள் மறைகிறது. இதனைப் பனியன் சில வரிகளிற் கூறி அப்பாற் செல்கிறார். இயேசு பட்ட பாட்டை அவர் விரித்துரைக்கவில்லை. அவருடைய ஆங்கில வாசகருக்கு அது வேண்டியதுமன்று.

தமிழ்ப் புலவரோ இவ்விடத்தில் மூலத்தை விட்டு விலகி, இரட்சணிய சரிதப் படலம் என ஒரு நீண்ட படலத்தையே அமைத்தார். இவ்விலகலே நூலின் உயிர் என்பது என் கருத்து. சுமை கழன்றது என்ற செய்தி மட்டும் தமிழ் நெஞ்சுக்குப் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். பத்தி நூல்களிற் பழகியவர் அருளை ஒரு கோட்பாடாக ஏற்பதில்லை. அருளியவனைக் கண்ணாரக் கண்டு, அவன் செயலைக் கேட்டு உருகிய பின்னரே ஏற்பர். இராமன் காடேகுங்கால் அயோத்தி அழுததைக் கேட்ட செவிகளுக்கு, எருசலேம் மாந்தர் அழுததையும் கேட்பிக்கவேண்டும் என்று அவர் கருதினார் போலும். இலங்கைக் கத்தோலிக்கருக்காகக் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676 – 1742) வியாகுல பிரசங்கத்தை எழுதியதும் இக்கருத்தாலேயே ஆகலாம். தவக்காலத்தில் அதனை ஒப்பாரி இசையோடு பாடும் மரபு எம் நாட்டில் உருவாயிற்று. தண்டனைக் கணக்கைக் கேட்டு எவரும் ஒப்பாரி வைப்பதில்லை. அன்புடையார் பட்ட துன்பத்தைக் கேட்டே வைப்பர்.

அப்படலத்தில் இயேசு கட்டுண்டு நிற்கும் இடம் ஆராய்ச்சிக்கு உரியது. அவரைப் பிணித்தது கயிறு என்று எண்ணாதீர், பகைத்த மாந்தரை நினைந்து உருகும் நேசமே அவரைப் பிணித்தது என்பது அங்கே புலவர் கூறும் கருத்து. கயிற்றைக் குறிக்க அவர் ஆண்ட சொல் ‘பாசம்’ என்பது. சாதாரண வாசகர் அதனைக் கயிறு எனக்கொண்டு மேற்செல்வர். சைவசித்தாந்தம் கற்றவர் அங்கே நின்றுவிடுவர். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுள் உயிரைக் கட்டுவது பாசம். பதிக்கு அது இல்லை. இயல்பாகவே பாசங்களினின்று நீங்கியிருத்தல் இறைவனுடைய எண்குணங்களுள் ஒன்று எனப் பரிமேலழகரும் சைவாகமம் கூறும் முறையை எடுத்துக்காட்டுவார். அப்பதி பாசத்தாற் கட்டுண்டு நிற்பதாக ஒரு தமிழ்க் காப்பியம் காட்டுமாயின், சைவத்துக்கும் கிறித்தவத்துக்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு அவ்வொரு சொல்லில் அடங்கிவிடுகிறது.

வேறுபாடு அங்கேதான் உள்ளது, ‘ஒருவர் பாவத்துக்கு மற்றொருவரா?’ என்ற வினாவில் இல்லை என்பதை எம் நூல்களைக்கொண்டே காட்டலாம். கன்னியா வெந்நீரூற்றுக்களில் இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்தான் என்பது ஐதிகம். இறந்தோர்க்கு அந்தியேட்டி செய்வோர் அங்கே செல்வதும் மரபு. நோயுற்ற மகனுக்காகத் தாய் நோன்பிருக்கிறாள். தந்தைக்காக மகன் காவடி எடுக்கிறான். ஒருவர் வினையில் மற்றொருவர்க்குச் சிறிதும் தொடர்பில்லை என்று உறுதியாக நம்புவோர் இவற்றைச் செய்யார்.

புராணங்களிற் பெரிய சான்றுகள் உள. திருவிளையாடற் புராணத்தில் வந்தி என்னும் முதியவளுக்கு வைகைக் கரையடைக்கும் பங்கு விழுகிறது, செய்ய ஆளில்லை. சோமசுந்தரக் கடவுள் கூலியாளாய் வந்து அவளுக்குரிய கடனைத் தாம் ஏற்கிறார். பிட்டை உண்டு, மண் சுமந்து, பாண்டியன் பிரம்பால் அடியும் படுகிறார். பிறர் கடனை இறைவன் ஏற்றான், அதன்பொருட்டு அடிபட்டான் என்பது சைவர்க்கு அந்நியமான கருத்தன்று. ஆனால் முடிவு வேறு. அங்கே ஒருவன்மேல் விழுந்த அடி எல்லா உயிர்மேலும் பட்டது. சிலுவையிலோ எல்லார்மேலும் விழவேண்டிய அடி ஒருவர்மேற் பட்டது என்பர். முன்னது இறைவன் எவ்வுயிரிலும் இரண்டறக் கலந்து நிற்கும் அத்துவித நிலையைக் காட்டுவது. பின்னது இறைவன் ஒரு மனிதனாகித் தனித்து நின்று நோவதைக் காட்டுவது.

பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பில் வரும் மனுநீதிச் சோழன் வரலாறு இதனினும் நுட்பமானது. மைந்தன் தேர்க்காலிற் கன்று மடிந்தது. அமைச்சர் சாத்திரம் விதித்த பிராயச்சித்தத்தைச் செய்தாற் போதும் என்றனர். அது பசுவின் துயரைத் தீர்க்குமா என்று வினவி அரசன் மறுத்தான். மகனை இழக்கும் துயரைத் தானும் அடைதலே தகும் என்று துணிந்தான். மகன்மேல் தேரைச் செலுத்துமாறு பணிக்கப்பட்ட அமைச்சன் தன் உயிரையே மாய்த்துக்கொள்ள, அரசன் தானே தேரைச் செலுத்தினான். இறைவன் தோன்றக் கன்றும் மைந்தனும் அமைச்சனும் எழுந்தனர். எளிய கழுவாயை மறுத்தமை, நீதியைக் காப்பவனே இழப்பை ஏற்றமை, ஒரே மைந்தனைக் கொடுத்தமை, இறந்தோர் எழுந்தமை ஆகிய நான்கும் கிறித்தவர் கூறும் வரலாற்றுக்கு மிக அண்மையவை. கழுவாய் என்பது துன்புற்றவரின் துயரைத் தானும் அடைதல் என்ற சேக்கிழாரின் கருத்து, தண்டனைக் கணக்கினும் உயர்ந்ததாகவே எனக்குப் படுகிறது. எனினும் அங்கே மாண்ட மைந்தன் அறியாது செய்தானாயினும் செய்தவன். சிலுவையில் மாண்டவர் செய்யாதவர்.

கன்மக் கொள்கையில் அருளுக்கு இடமில்லை என்ற கிறித்தவர் கூற்றும் நிலைபெறாது. சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம், உயிர் இறைவனோடு ஒன்றி இறைபணியில் நிற்குமாயின் மலமும் மாயையும் வல்வினையும் அதனைத் தொடரா என்று உணர்த்தும். அந்நிலையில் அடியான் செயலை இறைவன் தன் செயலாகவே கொள்வான் என்பர் உரையாசிரியர். வினையை இறைவன் தனதாக ஏற்றல் சைவத்திலும் உண்டு. ஆயின் ஏற்கும் இறைவன் அதனால் நோவுறுவதில்லை. கதிரவன் ஒளியில் இருள் போல அது அவன்முன் அற்றுவிடும்.

இறைவன் நோவுறுவானா என்பதே எஞ்சி நிற்கும் வினா. இதனைச் சைவர் மட்டுமே எழுப்பினர் என எண்ணுதல் தவறு. தந்தையாகிய கடவுளே சிலுவையில் துன்புற்றார் என்ற கொள்கையை 3-ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபையார் விலக்கினர். 451-இல் கல்கெதோன் சங்கம், இயேசுவிடத்தில் இறையியல்பும் மனிதவியல்பும் கலவாமலும் பிரியாமலும் உள்ளன என்று வரையறுத்தது. துன்புற்றது மனிதவியல்பில் என்பது அதன்வழி வந்த விளக்கம். பதி பாசத்துட் படுமா என்ற அச்சம் அவர்களுக்கும் இருந்தது. அவர்கள் அதற்கு வேறொரு விடை கண்டனர். கிருஷ்ண பிள்ளை தத்துவ நுணுக்கங்களை விடுத்து, கட்டு அன்பினால் ஆயது, எனவே அது கட்டன்று என்று கவிதையால் விடையிறுத்தார். கவிதை என்ற அளவில் அவ்விடை வெற்றி பெற்றது. தத்துவம் என்ற அளவில் எம்மை அது உடன்பட வைக்கவில்லை. ஆயினும் மறுப்போர் எதனை மறுக்கவேண்டும் என்பதைத் தெளிவாக்கியது. நூல் முழுவதும் இவ்வுயரத்தில் நிற்கிறது என்று கூறவியலாது. உருவகக் கதையின் கட்டுக்குட் புலவர் மீளும் இடங்களில் உபதேசம் மிகுந்து கவிதை மெலிகிறது. சரிதப் படலத்தின் உருக்கத்தை அவ்விடங்களில் எதிர்பார்ப்போர் ஏமாறுவர்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. செய்தித்தாள்கள் விபத்தில் இறந்தோரையும் குண்டுவெடிப்பில் இறந்தோரையும் ‘பலி’ என்றே எழுதிப் பழகிவிட்டன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் வழிபட்டு நின்றோர் கொல்லப்பட்டனர். அவர்களும் ‘பலி’ எனவே எண்ணப்பட்டனர். பிறரைக் கொன்று தன்னை இறைவனுக்கு அர்ப்பணித்ததாக நினைப்பவன் செயலையும், பிறருக்காகத் தன்னைக் கொடுப்பவன் செயலையும் ஒரே சொல்லாற் சுட்டும் நிலைக்கு எம் மொழி வந்திருக்கிறது. இரட்சணிய யாத்திரிகமும் பெரியபுராணமும் திருவிளையாடற் புராணமும் தம்முள் எத்துணை மாறுபடினும், இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பதில் ஒன்றுபடுகின்றன. கட்டுண்டவரும், பிரம்படி பட்டவரும், தேர் செலுத்திய அரசனும் துன்பத்தைத் தம்மேல் ஏற்றனரேயன்றி, தொடர்பற்ற பிறர்மேல் ஏற்றவில்லை.

எனவே, தமிழ் பயிலும் சைவ மாணவர் கிருஷ்ண பிள்ளையின் சரிதப் படலத்தைத் திருநகரச் சிறப்போடு ஒருங்கு வைத்துப் படித்தல் நன்று. கத்தோலிக்க நண்பர் மனுநீதிச் சோழனையும் வந்தியையும் அவ்வாறே படித்தல் நன்று. படித்தபின்னும் பதி பாசத்துட் படும், படாது என்ற வேறுபாடு நிற்கும், நிற்கட்டும். அயலவர் பெரிய வெள்ளியன்று எதற்காக அழுகின்றனர் என்பதையேனும் அறிந்து வேறுபடுவோம். அவ்வறிவு நாவலர் எமக்குக் காட்டிய வழியேயாம்.